எண்ணூர் ஏகாம்பரத்தின் இறுதி ஊர்வலம்

கண்ணு, நைனா எழுதுகிறேன். போனில் முடிக்க வேண்டிய விஷயத்துக்குக் கடிதமா என்று உனக்குச் சிரிப்பு வரும். போனில் பேசினால் கொஞ்ச நேரத்தில் எனக்குக் கோபம் ஏறிவிடும், நீயும் உம் கொட்டிவிட்டு வைத்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, எனக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். நிச்சயதார்த்தம் முடிந்து பெங்களூருக்கு ரயில் ஏறியவள், போய் இறங்கியதும் போன் செய்து, "நைனா, அந்த வீடியோ அல்லாத்தையும் நெட்லேர்ந்து தூக்கிடலாம்னு கீறேன்" என்றாய். காரணமும் நீயே சொன்னாய். மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும், அவர் ஒன்றும் நினைக்க மாட்டார். ஆனால் அவருடைய அம்மா திருச்சியில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர்கள். வரப்போகிற மருமகள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு, ஒரு ஓட்டைப் படத்தின் சி.டி.க்கு ஒப்பாரி வைப்பதை அவர்கள் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று பயந்தாய். கல்யாணத்துக்குள் அழித்துவிட்டால் நிம்மதி என்றாய். நானும் ஏதோ யோசனையில் சரி, பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தச் சரியை வாபஸ் வாங்கத்தான் இதை எழுதுகிறேன்.

இது எங்கே ஆரம்பித்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? நீ ஏதோ நெட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக எல்லோரிடமும் சொல்கிறாய். ஆரம்பித்தது உங்கம்மா. அவள் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஞாயிறு ஒன்றுதான் லீவு, அதிலும் பாதி ஞாயிறை ஓவர்டைம் என்று பிடுங்கிக்கொள்வார்கள். அப்படித் தப்பிக் கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மூன்று பேரும் தண்டையார்பேட்டையில் ஒரு படத்துக்குப் போனோம். படத்தின் பெயர் வேண்டாம், அந்த ஹீரோவின் ரசிகர்கள் இன்னும் நம் தெருவில் இருக்கிறார்கள். வெளியே வந்து புளியந்தோப்புக்கு ஷேர் ஆட்டோ ஏறினோம். பாலம் தாண்டியதும் உங்கம்மா மெல்ல மாரில் கை வைத்து, "அய்யோ, வாரம் பூரா காத்துகினு இருந்தேனே, என் ஞாயித்துக்கெழமைய கொன்னுட்டானுங்களே" என்று ராகம் போட்டு இழுத்தாள். சாவு வீட்டில் இழுக்கிற அதே ராகம். ஆட்டோவில் இருந்த முன்பின் தெரியாத பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா தானும் சேர்ந்து ஒரு அடி எடுத்துவிட்டாள். டிரைவர் நம் ஸ்டாப்பிங்கைத் தாண்டிப் போய் நிறுத்தினான். நீ மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு வந்தாய்.

அதற்கப்புறம்தான் பிரவுசிங் சென்டர். கல்லூரி முடிந்து நேராக வீட்டுக்கு வராமல் அங்கே என்ன செய்கிறாய் என்று ஒருநாள் பின்னாலேயே வந்து நின்றேன். கம்ப்யூட்டரில் ஒரு வெள்ளைக்காரப் பையன் கண்ணாடியும் தொப்பியுமாகத் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தான். யாரைத் திட்டுகிறான் என்று கேட்டேன். பழைய படங்களை, பழைய கார்ட்டூன்களை, மோசமான எல்லாவற்றையும் போட்டுக் காட்டித் திட்டுகிறான், அதைப் பார்க்க உலகம் பூராவும் ஆள் இருக்கிறது என்றாய். படம் பிடிக்கவில்லையென்றால் எழுந்து போக வேண்டியதுதானே, இதற்கு ஒரு கோபமா என்றேன். நீ திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாய். "அவங்களுக்குக் கோவம் வருது நைனா, கத்தறாங்க. நமக்கு அம்மா மாதிரி அழுவத் தெரியும். நாம அழுதா இன்னும் நல்லா இருக்கும்." எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டரில் நேரம் ஓடுகிறது, எழுந்து வா என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

கல்யாண வீடியோ கடையில் வேலை பார்த்த உன் கிளாஸ்மேட் பாஸ்கர், முகூர்த்தம் இல்லாத நாளில் சும்மா கிடந்த கேமராவைத் தூக்கிக்கொண்டு நம் ஹவுசிங் போர்டு மொட்டை மாடிக்கு வந்தான். தாம்பாளத்தில் படத்தின் சி.டி., அதற்கு ஒரு முழம் சாமந்தி, தலைமாட்டில் விளக்கு, ஊதுபத்தி. பக்கத்தில் தலைவிரி கோலமாக நீ. செத்தவரின் பெருமையைச் சொல்லி அழுகிற மாதிரி கதையைச் சொல்லி அழுதாய். கடைசியில் தோளில் மண்குடத்தை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றினாய். சாவில் கொள்ளிக்குடத்தோடு மூன்று சுற்றுச் சுற்றி, சுற்றுக்கு ஒரு பொத்தல் போட்டு, கடைசியில் உடைப்பார்கள் அல்லவா, அதே கணக்கு. ஒவ்வொரு சுற்றுக்கும் படத்தின் ஒரு குற்றத்தைச் சொன்னாய், பாஸ்கர் ஒரு கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பொத்தல் போட்டான். நிகழ்ச்சிக்குக் 'கண்ணீர் அஞ்சலி' என்று பெயர் வைத்தாய். கீழ் வீட்டு ஆட்கள் மாடியேறி வந்து, பொம்பளைப் பிள்ளை கொள்ளிக்குடம் தூக்கலாமா, வீடு விளங்குமா என்று என்னிடம் சண்டைக்கு நின்றார்கள். படத்துக்கு ஆண் வாரிசு இல்லை, அதனால் என் பெண் தூக்குகிறாள், உங்களில் யாராவது மகன் முறை ஆக வேண்டுமென்றால் வந்து தூக்குங்கள் என்றேன். அவர்கள் இறங்கிப் போன பிறகு நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக இன்னும் நாலு வீட்டோடு சண்டை போடலாம் போலிருந்தது.

உன் வேலையில் எனக்கு எது பிடித்தது என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை. ஒரு படத்தை இரண்டு தடவையாவது முழுசாகப் பார்க்காமல் நீ குடம் தூக்கியதில்லை. ஓரத்தில் நின்று ஆடிய பெண்களை, அடி வாங்கி விழுந்த ஸ்டண்ட் ஆட்களை நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்கள் கூலிக்கு வந்தவர்கள், அவர்களுக்கும் அன்றைக்கு ஞாயிறு போயிருக்கும் என்பாய். பெரிய மீசையையும் பெரிய பேனரையும்தான் கிழித்தாய். அதை நம் வடசென்னைப் பேச்சிலேயே செய்தாயே, அது எல்லாவற்றுக்கும் மேல். இத்தனை வருஷமாகச் சினிமாவில் நம் பேச்சு யார் வாயில் வரும்? பிக்பாக்கெட் அடிக்கிறவன் வாயில், குடித்துவிட்டு உதை வாங்குகிறவன் வாயில். தியேட்டரே சிரிக்கும், நாமும் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கூடவே சிரிப்போம். நீ அதே பேச்சில் சினிமாவைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டாய். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல், லைட்டு சரியில்லை, முகம் கருப்பாக விழுகிறது என்று குறை சொன்னேன்.

இனி அந்தக் கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அன்றைக்கு நீ நடுங்கிக்கொண்டிருந்தாய், பாதியைக் கவனித்திருக்க மாட்டாய். ராயபுரத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி, தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து சுயமாகக் கடை வளர்த்தவர், ஒரே மகன் முத்துசெல்வனை ஹீரோவாக்கப் படம் எடுத்தார். 'எண்ணூர் ஏகாம்பரம்'. உப்பளத் தொழிலாளி கையில் அரிவாளோடு புகைக்கூண்டு உச்சியில் நின்று ஊரைக் காப்பாற்றுகிற கதை. வெள்ளிக்கிழமை வந்தது, ஞாயிறு சாயந்தரம் தியேட்டர்காரர்கள் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். நீ ஆசையாக வந்து, நைனா, இதற்குக் கொஞ்சம் பெரிய சாவாக எடுக்கலாம், நிஜப் போஸ்டர் அடித்து ஒட்டி விளம்பரம் பண்ணலாம் என்றாய். நான் போஸ்டர் அடிக்கிற பிரஸ்ஸில் இருக்கிறவன். வடசென்னையில் பாதிப் பேருடைய கடைசிப் போஸ்டர் என் கையால் போனது. மகள் முதல்தடவை வேலை கேட்கிறாள், விடுவேனா?

நீ கேட்டது அரிவாள் தூக்கிய படம். அஞ்சலிப் போஸ்டரில் அரிவாளா, கலீஜாக இருக்குமே என்று எனக்குத் தோன்றியது. அண்ணாச்சி மண்டியின் பொங்கல் வாழ்த்துப் போஸ்டர் எங்கள் பிரஸ்ஸில் அடித்ததுதான், அதில் முத்துசெல்வன் வெள்ளைச் சட்டையில் சிரிக்கிற படம் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அதை எடுத்துப் போட்டேன். சுற்றி மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே ஒரு கண், அதிலிருந்து ஒரு சொட்டு. பெயர் தெருக்கோடியிலிருந்து தெரிய வேண்டும், மற்றதெல்லாம் பொடியில் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழில் பழக்கம். 'தோற்றம் காலைக்காட்சி, மறைவு மாலைக்காட்சி, படத்தின் மறைவால் வாடும் ரசிகப் பெருமக்கள்' என்று நீ எழுதிக் கொடுத்த வேடிக்கையெல்லாம் அடியில் பொடி எழுத்தில் போய்விட்டது. ஒட்டுகிற ஆளிடம் போஸ்டர் கட்டைக் கொடுத்தேன். அவன் அதைவிடத் தொழில் தெரிந்தவன். முகத்தைப் பார்த்ததுமே, அடடா, மண்டிக்காரர் பிள்ளை போய்விட்டானா என்று உச்சுக்கொட்டி, முறைப்படி முதல் போஸ்டரைச் செத்தவர் தெருவிலேயே ஒட்டிவிட்டு, அங்கிருந்து ஆரம்பித்து ராயபுரம் பூராவும் ஒட்டினான். பெரிய எழுத்தில் இருந்தது 'எண்ணூர் ஏகாம்பரம்' மட்டும்தான், ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்து ஒரு ஆள் பெயர் இருந்தால் அது படம் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் படத்தைத்தான் யாரும் பார்க்கவில்லையே.

விடிந்தபோது மண்டித் தெருவில் ஒரு ஷட்டர்கூடத் திறக்கவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பேண்டு செட் பையன்கள் யாரும் கூப்பிடாமலே வந்து சட்டி மேளத்தைத் தீயில் காய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். பிணம் வைக்கிற ஐஸ் பெட்டிக்காரன் பெட்டியை வாசலில் இறக்கி, பிளக் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தான். மாலையும் கையுமாகச் சொந்தக்காரர்கள் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அந்த நேரத்தில் முத்துசெல்வன் வாயில் பிரஷ்ஷோடு லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, என்ன சத்தம் என்று வெளியே வந்தான். கூட்டம் அப்படியே அடங்கியது. அவன் அத்தை மட்டும் அழுகையை நடுவில் நிறுத்தத் தெரியாமல், அவனையே கட்டிக்கொண்டு அவனுக்காக இன்னும் கொஞ்ச நேரம் அழுதாள். இதை முத்துசெல்வனே பின்னால் நமக்கு நடித்துக் காட்டினான். அந்தப் படத்தில் இதில் கால் பங்கு நடித்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

போஸ்டரின் அடியில் பிரஸ் பெயர் இருக்கும் அல்லவா? அண்ணாச்சி போஸ்டரைச் சுவரோடு பெயர்த்துக்கொண்டு நேராக வந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனுஷன் உதடு நடுங்க நின்றார். "எம்மவன் உசுரோட இருக்கான்வே. எந்தக் கை வே இத அடிச்சது?" என்றார். நான்தான் என்று கையைத் தூக்கினேன். பிள்ளை மேல் தப்பில்லை, அவள் அரிவாள்தான் கேட்டாள், நான்தான் மாற்றினேன் என்று உளறினேன். அவருக்கு அது எப்படிப் புரியும்? பக்கத்தில் நின்ற ஆள் உன் 'கண்ணீர் அஞ்சலி'யைப் பற்றி எடுத்துச் சொன்னதும், நெட்டில் இருக்கிற உன் வீடியோ ஒன்று விடாமல் சாயந்தரத்துக்குள் அழிய வேண்டும், வியாபாரிகள் சங்கத்தில் உன்னைக் கூப்பிட்டு நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டும் என்றார். எங்கள் முதலாளி அவர் பக்கம்தான் பேசினார். முடித்துக்கொடுக்க முடியாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். நீ கல்லூரியிலிருந்து ஓடிவந்தாய். அண்ணாச்சியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "உனுக்கு வேலை பூட்டா நாம இன்னா பண்ணுவோம் நைனா. வுடு, நான் தூக்கிட்றேன்" என்றாய். எவ்வளவு சுலபமாகச் சொன்னாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போகட்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. நிஜமாகவே வரவில்லை, கண்ணு.

அப்போதுதான் ஆட்டோவில் அண்ணாச்சி வீட்டம்மா வந்து இறங்கினார்கள், பின்னாலேயே முத்துசெல்வன். இன்னும் ஒரு ஆள் சண்டைக்கு வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா யாரிடமும் சண்டை போடவில்லை. பயத்தில் முகம் வெளுத்திருந்தது. புருஷனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு உன்னிடம் வந்தார்கள். "ஏத்தா, நீதான் படத்துக்குச் சாவு எடுக்கிற பிள்ளையா? எம்புள்ள மூஞ்சிக்கு மாலை போட்டுத் தெருத் தெருவாச் சாவு சொல்லியாச்சு. பெட்டி வந்தாச்சு, மேளம் வந்தாச்சு. இனி வெறுங்கையாத் திருப்பி அனுப்பினா அது எம்புள்ளயத் தேடிட்டு வரும். பொழுது சாயுறதுக்குள்ள எங்க வாசல்ல இருந்து ஒரு பொணம் போயே ஆகணும். அந்தப் படப்பெட்டியத் தூக்கு" என்றார்கள். அண்ணாச்சி, கிறுக்குப் பிடித்துவிட்டதா, தெருவே சிரிக்குமே என்று அதட்டினார். சிரித்தால் சிரிக்கட்டும், எனக்குப் பிள்ளை வேண்டும் என்று அந்த அம்மா ஒரே பிடியாக நின்றார்கள். வீட்டு ஆள் யாரும் கொள்ளிக்குடத்தைத் தொடக்கூடாது, அது மறுபடியும் பிள்ளை மேல்தான் வரும், ஆகவே நீதான் தூக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். பொம்பளைப் பிள்ளை தூக்கலாமா என்று கேட்ட ஊரில், தூக்கு தாயே என்று ஒரு தாய் உன் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அண்ணாச்சியால் அந்த அழுகைக்கு எதிரே நிற்க முடியவில்லை.

எதையும் புதிதாக ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கவில்லை, காலையிலேயே எல்லாம் மண்டித் தெருவுக்கு வந்து காத்திருந்தது. ஐஸ் பெட்டிக்குள் படத்தின் தகரப் பெட்டி, அதன் மேல் முத்துசெல்வனுக்கு என்று வாங்கி வந்த மாலைகள். பாஸ்கர் கடை ஷட்டர் மேல் ஏறிக் கேமராவைப் பிடித்தான். எதிரே நாற்காலியில் அண்ணாச்சி, அவரைச் சுற்றிச் சங்கத்து ஆட்கள். மொட்டை மாடியில் ஒரு சி.டி.யின் முன்னால் அழுவது வேறு, படத்தைப் பெற்றவரின் முகத்துக்கு நேரே அழுவது வேறு. நீ முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாய். பிறகு, "அண்ணாச்சி, ஒப்பாரில நான் பொய் சொல்ல மாட்டேன். பரவால்லியா?" என்று கேட்டாய். அவர் வீட்டம்மாவைப் பார்த்தார். "நீ சொல்லுத்தா" என்றார்கள் அந்த அம்மா. நீ பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து தலையை அவிழ்த்தாய்.

"அருவாள எடுத்த ராசா, ஆர வெட்டப் போனியோ, வெட்டறதுக்கு ஆளில்லாம எங்க ஞாயித்துக்கெழமைய வெட்டினியே" என்று நீ முதல் அடி எடுத்ததும் மூட்டை தூக்குகிற ஆட்கள் பக்கம்தான் முதலில் வெடித்தது. அப்புறம் தெரு பூராவும் பற்றிக்கொண்டது. காலையில் நிஜமாக அழுதவர்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் சுற்றில், உப்பளத்தில் வேலை செய்கிறவன் வேட்டியில் கடைசிவரை ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் படவில்லையே என்று அழுதாய். இரண்டாவது சுற்றில், எண்ணூர்க்காரன் என்று பெயரை வைத்துவிட்டுப் பாட்டு பூராவும் பனிமலையில் ஆடினானே, ஊருக்குத் திரும்பி வர பஸ் கிடைத்ததா இல்லையா என்று கேட்டாய். அந்த நேரத்தில்தான் முத்துசெல்வன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்தான். தலையில் கையை வைத்துக்கொண்டு, "கல்லாவுல சும்மா இருந்தவன காமிராவுக்கு முன்னால நிறுத்தினீயளே, நடிக்கத் தெரியலன்னு நானும் சொன்னேனே, எங்கப்பா காதுல விழலியே" என்று உன் ராகத்திலேயே இழுத்தான். சிரிப்பு நின்றுவிட்டது. அவன் அதைச் சாதாரணமாகச் சொல்லியிருந்தால் அண்ணாச்சி காதில் வாங்கியிருக்க மாட்டார். ஒப்பாரியில் வருவதை யாரும் தடுக்க முடியாது.

மூன்றாவது சுற்றுக்கு நீ எழுந்தாய். மூன்றாவது எப்போதும் தயாரிப்பாளருக்கு. நீ குடத்தோடு அண்ணாச்சி எதிரில் போய் நின்றாய். "மூணாவது தப்பு அண்ணாச்சி மேலதான். புள்ள மேல வெச்ச ஆசைய ஊருக்கே போஸ்டர் போட்டுக் காட்டினாரு. புள்ளகிட்ட மட்டும் கேக்க மறந்துட்டாரு" என்று பாட்டாகக்கூட இல்லை, மெல்லத்தான் சொன்னாய். பாஸ்கர் ஷட்டர் மேல் இருந்ததால் பொத்தல் போட ஆளில்லை. நான்தான் வந்து போட்டேன். அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். தோள் குலுங்கியது. தெருவே பயந்து போனது. துண்டை எடுத்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீரும் ஓடியது. "படம் ஓடுனப்ப இந்தக் கூட்டத்துல பாதி வரலியேல" என்று மகனைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் எழுந்து வந்து அவன் தலையில் கை வைத்தார். குடத்தை நீ தெருமுனையில் போட்டு உடைத்தாய். பையன்கள் மூலக்கொத்தளம் சுடுகாடு வரைக்கும் ஆடிக்கொண்டே போகலாம் என்று துடித்தார்கள், அண்ணாச்சி வீட்டம்மாதான் இதுவே போதும் என்று நிறுத்திவிட்டார்கள். அன்று சாயந்தரம் மண்டித் தெருவில் எல்லாருக்கும் சாம்பார் சாதம் போட்டார்கள். மன்னிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் முதலாளி உன்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார், அந்த மனுஷனை நான் இன்னும் அதைச் சொல்லித்தான் கிண்டல் செய்கிறேன்.

அண்ணாச்சி இரண்டாவது படத்துக்காகக் குடோனை விற்கப் பேசி வைத்திருந்தார் என்பது நமக்குப் பின்னால்தான் தெரியும். அதை அன்றைக்கே கைவிட்டார். முத்துசெல்வன் இன்று மண்டியில் அப்பாவைவிடக் கெட்டிக்காரன். ஏகாம்பரம் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறான். அந்த வீடியோ துபாய்க்குப் போனது, சிங்கப்பூருக்குப் போனது. கப்பலில் வேலை செய்கிற பையன்கள் எழுதினார்கள். நம் பேச்சைக் கேட்டு வீட்டு நினைப்பு வந்துவிட்டது என்று யாரோ கனடாவிலிருந்து எழுதியதை நீ படித்துக் காட்ட, உங்கம்மா மறுபடியும் ஒருதடவை படிக்கச் சொன்னாள். பெங்களூர் விளம்பரக் கம்பெனியில் உன்னை உட்கார வைத்துக் கேட்ட முதல் கேள்வியே, குடம் உடைத்த பெண் நீங்கள்தானா என்பதுதான் என்று நீதானே சொன்னாய்? அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதை அழிக்கிறேன் என்கிறாயே, உனக்கே நியாயமாக இருக்கிறதா?

போகிற வீட்டில் எல்லாரையும் மதித்து நட, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று பார்த்துச் சிரி, அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் நீ நிச்சயதார்த்தத்தில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. சம்பந்தி அம்மா எது கேட்டாலும் செய்தி வாசிக்கிற பெண் மாதிரி எழுத்து எழுத்தாகப் பேசினாய். அவர்கள் காபி வேண்டுமா என்றதற்கு "அருந்திவிட்டேன்" என்றாய். உங்கம்மா என்னைக் கிள்ளினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணாச்சி முகத்துக்கு நேரே நின்று பேசியவள் ஒரு டீச்சரைக் கண்டு எதற்காக இப்படி ஒடுங்கிக்கொள்கிறாள் என்று தோன்றியது.

இனி சொல்லப்போவதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ மற்றதைப் படித்திருக்க மாட்டாய். எல்லாரும் சாப்பிடப் போனபோது சம்பந்தி அம்மா என்னை மட்டும் வராந்தா பக்கம் கூப்பிட்டார்கள். உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் சொன்னார்கள், நான் உடைக்கிறேன். அவர்கள் வீட்டுக்காரர் போனபிறகு மாதக்கணக்கில் வீட்டில் யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லையாம். வந்து போகிறவர்கள் எல்லாம் இவர்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போவார்களாம். ஒருநாள் மகன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து ஏகாம்பரத்தின் சாவைப் போட்டுக் காட்டினாராம். துக்க வீட்டில் இதையா போடுகிறாய் என்று முதலில் கோபம் வந்ததாம். "இரண்டாவது சுத்துல, பஸ் கிடைச்சதான்னு கேட்டா பாருங்க, அவரு போனதுக்கப்புறம் அன்னிக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சப்புறம்தான் நல்லா அழவும் முடிஞ்சுது" என்றார்கள். இந்தப் பெண் யார் என்று மகனைத் துளைத்துத் துளைத்து விசாரித்தது அவர்கள்தான். மாப்பிள்ளை உன்னைத் தேடி வந்து பேசியது அதற்கப்புறம்தான். அதை அவர் உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது, கொஞ்சம் வெட்கப்படுகிற பிள்ளை.

கடைசியில் அவர்கள் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். நீ தட்டை மடியில் வைத்துக்கொண்டு யாருக்கோ மெல்லிய குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாய். அவர்கள் முகம் வாடிவிட்டது. "தப்பா நினைக்காதீங்க. நான் ஒரு பொண்ணப் பாத்துக் கேட்டு வந்தேன். நீங்க வேற யாரையோ காட்டுறீங்களே" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்து பேசப்போகிறார்களாம். அதற்கு முன்னால் எனக்குப் பேசுவார்கள், தான் கேட்ட பெண் போனை எடுப்பாளா மாட்டாளா என்றுதான் கேட்பார்கள். சொல்லு கண்ணு, நான் என்ன பதில் சொல்லட்டும்?